பத்திலொரு குதிரைவலுவும் பரந்தன் வெயிலும்

மண்ணில்லாமல் சலாது வளர்க்கும் தொட்டிக்கென்று நான் வாங்கிய சில்லர் என்ற மின்பெட்டி தண்ணீரைக் குளிர்த்துகிறது. அதில் சந்தேகம் வேண்டாம். கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தனில், தகரக் கூரை போட்ட எங்கள் பின்விறாந்தையில், ஆனி ஆடி வெயிலிலும் 80 லீற்றர் தொட்டியை 24 பாகையில் நிறுத்தி வைத்தது. ஆனால் வாங்குவதற்கு முன் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் குழாய்க்குச் சட்டை தைத்துப் போடுங்கள், சில்லரைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். தையற்காரி வேறு எதைச் சொல்வாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கணக்கோடுதான் சொல்கிறேன்.

தையல் வேலைக்கு இடையில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கை செய்கிறேன். நான்கு அங்குல பிவிசி குழாய்களில் துளையிட்டு, வலைச்சட்டிகளில் தும்புத் தூள் நிரப்பி, அல்பேர்ட் என்ற பசளைக் கரைசலைச் சுழலவிடும் சாதாரண அமைப்பு. சலாதுதான், அதாவது லெட்டூஸ் கீரைதான், முக்கியப் பயிர். ஏ9 வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒரு விருந்தினர் விடுதிக்கும் கொடுக்கிறேன். மாரியில் யாரும் வளர்க்கலாம். சித்திரை பிறந்த பிறகு வளர்ப்பதற்குத்தான் விலை கிடைக்கிறது. அந்த மாதங்களில்தான் வேரும் அழுகுகிறது.

வாங்கியது பத்தில் ஒரு குதிரைவலுச் சில்லர். மீன்தொட்டிக்கென்று சீனாவில் செய்தது. பெயரை எழுதவில்லை, எழுதினாலும் பயனில்லை. ஒரே பெட்டிக்கு ஆளுக்கொரு பெயரை ஒட்டி விற்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சுருளை. பசளை உப்புக் கரைந்த நீர் செம்பை அரிக்கும், கரைந்த செம்பு செடிக்கு நஞ்சு. சுருள் டைட்டேனியமாக இருக்க வேண்டும். இதில் அப்படித்தான் இருக்கிறது. அடுத்தது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் என்று ஒட்டுத்தாளில் எழுதியிருக்க வேண்டும். 110 வோல்ற்றுப் பெட்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன, விலை குறைவாகத் தெரியும், ஏமாற வேண்டாம். என்னுடையது ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரைத் தள்ளும் பம்பி அதற்குள் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். இதை விற்பவர்கள் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு வேரைத் தூக்கிக் காட்டுவேன். வலைச்சட்டியோடு செடியை உயர்த்தினால் நல்ல வேர் வெள்ளை வெளேரென்று நூல் நூலாகப் பிரிந்து நீர் சொட்டும். சூட்டில் கெட்ட வேர் பாலில்லாத் தேநீர் நிறத்தில், ஒன்றோடொன்று வழுவழுப்பாக ஒட்டித் தொங்கும். சேற்று நாற்றம் மூக்கில் ஏறும். அதில் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினால் மேல்தோல் முழுதாகக் கழன்று விரலோடு வந்துவிடுகிறது, நடுவில் மெல்லிய இழை ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. பித்தியம் என்ற நுண்ணுயிரின் வேலை அது. பூஞ்சணம் போலத் தெரிந்தாலும் பூஞ்சண இனத்தைச் சேர்ந்ததல்ல. நீரில் நீந்தும் வித்திகளை விட்டுச் செடிக்குச் செடி பரவும். சுழலும் தொட்டி அதற்குப் பெருந்தெரு. மேலே இலைகள் மத்தியானத்தில் வாடித் துவளும், கீழே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பசளை ஊற்றுவார்கள்.

பித்தியத்துக்குக் கதவைத் திறந்து விடுவது ஒட்சிசன் பஞ்சம். 20 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்குகிறது, 35 இல் 7க்கும் கீழே போகிறது. ஆறிலொரு பங்கு குறைந்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் சூடு ஏறும்போது வேர் மூச்சு விடும் வேகமும் ஏறுகிறது, அதாவது வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது. காற்றுப் பம்பி இதற்கு உதவும், ஓரளவு. அந்த வெப்பநிலையில் தண்ணீர் எவ்வளவு ஒட்சிசனைத் தாங்குமோ அதுவரை நிரப்பும். அந்த எல்லையை உயர்த்தாது. மத்தியானம் 36 பாகைக் காற்றைக் குமிழியாக ஊதும்போது தண்ணீரும் சற்றுச் சூடாகலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். பம்பியின் காற்றை நிழலிலிருந்து, தரையோரத்திலிருந்து எடுப்பது நல்லது.

சில்லருக்குப் போகும் முன் மலிவு வழிகளைப் பற்றி. வெளிநாட்டுக் காணொளிகளில் தொட்டியை மண்ணுக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்குச் சரி. நிலத்துக்குள் சில மீற்றர் ஆழத்தில் இருக்கும் வெப்பநிலை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். வன்னியின் சராசரி 28 பாகைக்கு அருகில். எங்கள் கிணற்றில் விடியற்காலையில் அள்ளிய வாளிக்குள் வெப்பமானியை விட்டாலே 28 காட்டுகிறது. புதைத்தால் மத்தியான உச்சம் குறையும். 22க்கு வரும் என்று கனவு காண வேண்டாம். இரண்டு அடி கிண்டுவதற்குள் கல்லும் வேரும் முட்டும், அது வேறு கதை.

ஈரச் சாக்கு வழி எனக்குப் பிடித்த வழி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டியைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி நனைத்துவிட்டால், ஆவியாகும் ஒவ்வொரு லீற்றர் நீரும் 80 லீற்றரை ஏழு பாகை இறக்கப் போதுமான வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்கில்தான் ஏழு. நடப்பில் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது, ஆகவே தொட்டி 26 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மாரியில் காற்று ஈரம் குடித்து நிற்கும்போது சாக்கு வெறும் சாக்குத்தான். சாக்கை நனைக்கக் கிணற்று நீரையே பயன்படுத்துங்கள். கரைசலையே திறந்து வைத்து ஆவியாக விட்டால் நீர் போய் உப்பு தங்கி, ஈசி அளவு, அதாவது கரைசலின் உப்புச் செறிவு, ஏறிக்கொண்டே போகும்.

முல்லைத்தீவிலிருந்து மீன் வரும் ரெஜிபோம் பெட்டி இருக்கிறதே, அதைவிட நல்ல தொட்டி இந்தப் பணத்துக்குக் கிடைக்காது. மூடியோடு கிடைக்கும். நன்றாகக் கழுவி வெயிலில் இரண்டு நாள் போட்டால் நாற்றம் போய்விடும். உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரிக்க வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் நீரை உறையவைத்து 60 லீற்றர் பெட்டிக்குள் போட்டால் இரண்டு பாகைக்குச் சற்றுக் கூடவே இறங்கும். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று மாற்ற ஆள் வேண்டும். அதையும் இலவசம் என்று நினைக்காதீர்கள், உறையவைப்பது உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, அது மின்சாரம் குடிக்கிறது. எங்கள் வீட்டில் போத்தல் வைத்தால் பிள்ளைகளின் ஐஸ்பழத்துக்கு இடமில்லை என்று சண்டையும் சேர்ந்து வரும்.

கம்பிரசர் இல்லாமல், மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் தகட்டை வைத்துச் செய்த சின்னஞ்சிறு பெல்டியர் குளிரூட்டியை மட்டும் வாங்காதீர்கள். மீன் வளர்க்கும் அயல்வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். 12 வோல்ற்று, 6 அம்பியர், ஆக 72 வாற்று இழுக்கிறது. தண்ணீரிலிருந்து அகற்றும் வெப்பம் அதில் பாதியைக்கூட எட்டாது. 80 லீற்றரை ஒரு பாகை இறக்க 93 வாற்று மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நான்கு மணித்தியாலம் முக்கினால் ஒரு பாகை. அதற்குள் எங்கள் கூரை இரண்டு பாகை ஏற்றிவிடும். மேசை மேல் வைக்கும் ஐந்து லீற்றர் கண்ணாடித் தொட்டிக்கு ஏற்றது. அதற்கு மேல் எதற்கும் உதவாது.

இனிச் சில்லர். முதலில் வெறும் தொட்டியோடு மட்டும் இணைத்து ஓட்டினேன். 31 பாகையிலிருந்து 24க்கு வர மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுத்தது. பெட்டி சொல்லும் திறனுக்கு அது நியாயமான வேகம். பிறகு குழாய்களையும் சேர்த்தேன். வேண்டுமென்றே எந்தப் போர்வையும் போடாமல், எல்லோரும் வைத்திருப்பதுபோல வெறும் பிவிசியாக விட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில் தொட்டியை விட்டு 24 பாகையில் போன நீர் சுற்றி வந்து 30 பாகையில் விழுந்தது. மெல்லிய படலமாக ஓடும் நீர், தகரத்துக்கு அடியில் கொதிக்கும் குழாய், வேறென்ன நடக்கும்? சில்லர் விடிய விடிய ஓடியது, பகலில் ஒரு நிமிடமும் ஓயவில்லை. தொட்டி 27க்கு ஏறியது, பிறகு அதற்குக் கீழே இறங்கவும் இல்லை. அதாவது ஒரு இலட்ச ரூபாய் இயந்திரத்தை வைத்து விறாந்தைக் காற்றைக் குளிர்த்திக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் சட்டை. கூரைக்கு அடியில் விரிக்கும், ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சும் உள்ளே மென்நுரையும் உள்ள விரிப்பு இரும்புக் கடையில் அடிக்கணக்கில் கிடைக்கிறது. அதைக் குழாயின் சுற்றளவுக்கு வெட்டி, வலைச்சட்டி வரும் இடங்களில் வட்டம் எடுத்து, ஓரத்தில் ஒட்டுநாடா தைத்தேன். நீளத்துக்கு ஒரே துண்டாகத் தைக்க வேண்டாம், கழற்றிக் கழுவ முடியாது. இரண்டு அடித் துண்டுகளாகத் தையுங்கள். கனத்த ஊசி, நீளத் தையல். நெருக்கமாகத் தைத்தால் விரிப்பு தபால்தலை கிழிவதுபோல ஊசித் துளையோடு கிழிந்துவிடும். தகரத்துக்கு மேலே தம்பி கிடுகு பரப்பித் தந்தான். தொட்டியை மீன் பெட்டிக்கு மாற்றினேன். திரும்பி வரும் நீர் 26 பாகைக்கு இறங்கியது. சில்லர் முதல்முறையாகத் தானாக நின்றது. அந்த அமைதியில்தான் அது எவ்வளவு இரைகிறது என்பதே தெரிந்தது. இரைச்சலைச் சொல்வதென்றால், பழைய குளிர்சாதனப் பெட்டியும் மேசை மின்விசிறியும் ஒன்றாக ஓடும் அளவு. படுக்கையறைச் சுவரோடு வைக்காதீர்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பமும் தான் இழுத்த மின்சாரமும் சேர்ந்து பின்பக்கத்தால் அனலாக வெளியே வருகிறது. தம்பி முறிகண்டியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவன், விறாந்தை மூலையில் பெட்டியைப் பார்த்தவுடனேயே, “அக்கா, இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இங்கே இருந்தால் ஊதின சூட்டைத் திரும்பவும் தானே குடிக்கும்” என்றான். வெளியே, வடக்குச் சுவரோரம், மேலே ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கி வைத்தோம். சுற்றிவர ஒரு அடி வெளி விட்டோம். ஆனால் வெளியே வைத்தால் புழுதி. சோளகம் அடிக்கும்போது காற்று உள்ளே போகும் பக்கத்து வலையில் செம்புழுதி கம்பளமாகப் படிகிறது. கிழமைக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவாவிட்டால் குளிர்த்தும் திறன் கண்ணுக்குத் தெரியக் குறைகிறது. நல்லவேளையாக வலை திருப்புளி இல்லாமல் கையாலேயே கழலுகிறது. இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

கட்டுப்பாட்டுப் பலகை எளிது. மேல் கீழ் அம்புகள், இலக்கத் திரை. அது காட்டும் வெப்பநிலை என் கண்ணாடி வெப்பமானியிலிருந்து ஒரு பாகை குறைவாக இருந்தது, அதைச் சரிசெய்ய வழியும் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் போய் உடனே வந்தால் மூன்று நிமிடம் காத்திருந்துதான் கம்பிரசரைத் தொடங்குகிறது. மின்வெட்டு நாட்டில் அது பெரிய நன்மை. மாலையில் வோல்ற்றளவு சரியும் இடங்களில் இருப்பவர்கள் ஒரு நிலைப்படுத்தி போட்டே ஆக வேண்டும்.

மின்கட்டணம். ஒட்டுத்தாளில் 160 வாற்று. சட்டை போடும் முன், நாள் முழுதும் ஓடியபோது, மாதத்துக்கு 115 அலகு என்ற கணக்கில் போனது. சட்டைக்குப் பிறகு நாளுக்குப் பத்து மணித்தியாலம் அளவில் ஓடுகிறது, அது மாதத்துக்கு 48 அலகு. வீட்டு மின்கட்டணம் தொகுதி தொகுதியாக ஏறுவது, ஆகவே சில்லரின் அலகுகள் பெரும்பாலும் உங்கள் பட்டியலின் உச்சத் தொகுதி விலையிலேயே விழும். விளக்கும் மின்விசிறியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இது பெரிய பாய்ச்சல். சலாது விற்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கலாம்.

எத்தனை பாகையில் வைப்பது? புத்தகங்கள் 18 முதல் 22 என்கின்றன. சிங்கப்பூரின் தேசியக் கல்வி நிறுவகத்தில் பேராசிரியர் லீ சிங் கொங்கும் அவருடைய குழுவினரும் 1990களில் வேர்ப்பகுதியை மட்டும் 20 பாகையளவில் குளிர்த்தி, இலைகளை வெப்பமண்டலக் காற்றிலேயே விட்டுச் சலாது வளர்த்துக் காட்டினார்கள். வேரைக் குளிர்த்தினால் போதும், காற்றைக் குளிர்த்தத் தேவையில்லை என்ற துணிவு நமக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பத்தில் ஒரு குதிரைவலுவால் எங்கள் வெயிலில் 20ஐப் பிடிக்க முடியவில்லை. 22இல் வைத்தபோது பிடித்தது, ஓயாமல் ஓடியது. ஐப்பசியில் ஈரக்காற்று வந்ததும் அதே 22இல் குளிர்ந்த குழாய்மூட்டுகள் வியர்த்து, விறாந்தை நிலம் முழுதும் வழுக்கியது. 24இல் அந்தத் தொல்லைகள் இல்லை, வேரும் வெள்ளையாகவே இருக்கிறது. 24இலிருந்து 22க்கு இறக்கியதால் இலையின் எடையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சில்லரால் தீராதது ஒன்று உண்டு. காற்று 35 பாகையைத் தாண்டும் நாட்களில் சலாது பூந்தண்டு விட்டு உயரும், இலை கசக்கும். வேர் எவ்வளவு குளிர்ந்தாலும் அது முற்றாக நிற்பதில்லை, பிந்துகிறது, அவ்வளவுதான். பட்டேவியா வகை கொஞ்சம் தாங்குகிறது. மொறுமொறுப்பான உருண்டை வகையை ஆடியில் நட்டுவிட்டுச் சில்லரைத் திட்டுவதில் நியாயமில்லை.

கங்குனும் பொன்னாங்காணியும் வளர்ப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கங்குன் 30 பாகை நீரில் கொழுகொழுவென்று வளரும். வீட்டுத் தேவைக்குப் பத்துப் பன்னிரண்டு சலாது வைப்பவர்களுக்கு மீன் பெட்டி, காற்றுப் பம்பி, உறைந்த போத்தல் போதும். செடி தண்ணீரிலேயே மிதக்கும் பெட்டி முறை என்றால் குழாய்ச் சூடு என்ற தொல்லையே இல்லை. குழாய் அமைப்பில், விற்பனைக்கு, கோடையிலும் சலாது தர வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். எனக்கு அது பயன்தருகிறது. மற்றவர்கள் வாடிய இலை கொண்டுவரும் ஆடி ஆவணியில் விடுதிக்காரர் என்னிடம் பேரம் பேசுவதில்லை. சில்லர் இருந்தாலும் நான்கு போத்தலை உறையவைத்தே வைத்திருக்கிறேன். 2022 பங்குனியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாட்டில் சில்லரை மட்டும் நம்பியிருக்க முடியாது. மின்சாரம் நின்றால் மெல்லிய படலமாக ஓடும் நீரும் நின்றுவிடும், குளிர்ச்சியைவிட அதுதான் முதல் ஆபத்து. பம்பிக்கு ஒரு மின்கல ஏற்பாடு வேண்டும்.

விற்ற கடையைப் பற்றி. கொழும்புக் கடை, இணையத்தில் பார்த்துத் தொலைபேசியில் சொல்லி வாங்கினேன். தமிழில் பொறுமையாகப் பேசிய ஒரு இளைஞர் இருந்தார், அவருக்கு நன்றி. ஆனால் பெட்டி லொறியில் படுக்கைவாட்டில் வந்திறங்கியது, மேற்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டிருந்தும். அப்படி வந்தால் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். கம்பிரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் பொறுக்க வேண்டும். கூடவந்த குழாய்மூட்டுகள் 16 மில்லிமீற்றர், நமது தோட்டக் குழாய் அரை அங்குலம், ஆகவே கிளிநொச்சியில் மாற்றுமூட்டு தேடி அலைய வேண்டியிருந்தது. உத்தரவாத அட்டையில் முத்திரை இல்லை. கேட்டதும் புதிய அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள்.

அந்த உத்தரவாதம் ஒரு வருடத்துக்கு. பழுதென்றால் கொழும்புக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மூடியைத் திறந்தால் செல்லாது. உள்ளே இருப்பது ஆர்134ஏ என்ற குளிர்த்தும் வாயு, கிளிநொச்சியிலேயே நிரப்பலாம். மின்விசிறியும் வழக்கமான அளவுதான். வருடம் முடிந்த பிறகு பராமரிப்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்கிறான் தம்பி. முடியும் நாளை நாட்காட்டியில் அவனே வட்டமிட்டு வைத்திருக்கிறான்.